பதினோராம் நாள் தண்ணீர்

பட்டம் வேண்டுமென்றால் என்னென்ன வேண்டுமென்று
துறை வாசலில் ஒட்டியிருக்கிறது.
நூற்று முப்பத்தாறு கிரெடிட்.
எழுபத்தைந்து சதவீத வருகை,
குறைந்தால் எண்ணூறு ரூபாய்.
உயிரியல் புள்ளியியலில் தேர்ச்சி:
அதில் எனக்கு ஓர் அரியர் நிற்கிறது.
கடைசி வரி மட்டும் சாரலில் ஊறி
மை கலங்கிக் கிடக்கும்:
களப்பணி நூற்றிருபது மணி நேரம்,
மேற்பார்வையாளர் கையொப்பத்துடன்.

எனக்கு விழுந்தது திருப்பூரில்
நொய்யலுக்குத் தெற்கே, சைசிங் மில்லுக்குப் பின்னால்,
சிமெண்ட் சீட்டு போட்ட லைன் வீடுகள் நாற்பத்திரண்டு.
ஒன்பதிலிருந்து ஐந்து வரைதான் கணக்கில் ஏறும்.
ஒன்பதிலிருந்து ஐந்து வரை
நாற்பத்திரண்டு பூட்டுகளை விசாரித்தேன்.
ஒரு சேவல் இருந்தது.
கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை.

எட்டரைக்கு மேல்தான் சனம் வரும்,
தலைமுடியில் பஞ்சு ஒட்ட ஒட்ட.
ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் ஓட்டி வந்தவளிடம்
"ஆறு மாசத்துல காய்ச்சல் வந்துச்சுங்களா?" என்றேன்.
"வந்தா சனிக்கெழம சம்பளத்துல புடிச்சுக்குவாங்க.
அதனால வரலீங்க."
ஆம், இல்லை என்று
இரண்டு கட்டம்தான் அச்சடித்திருக்கிறது.

பதினேழாம் வீட்டில் பாசந்தி நாயக்.
ஒடிசாவிலிருந்து வந்து எட்டு மாதம்.
கம்பெனியில் அவளுக்குக் கிடைத்த தமிழ்
நாலு வார்த்தை:
சீக்கிரம், பீஸ், டேமேஜ், நாளைக்கு.
முப்பத்தெட்டுக் கேள்விக்கும்
அதை வைத்தே பதில் சொன்னாள்.
தொட்டிலைக் காட்டி "டேமேஜ்" என்றாள்.
தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.
எப்போது டாக்டரிடம் என்றதற்கு "நாளைக்கு."
அவள் அகராதியில் முதல் வார்த்தையை
நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டரிடம் போய் வந்த பிறகு
வாசலில் இருந்த நீல டிரம்மில் டார்ச் அடித்தேன்.
கொக்கி கொக்கியாய் மேலே வந்து
மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போயின.
மனப்பாடம் எனக்கு:
வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேய்த்து, காயவையுங்கள்.
ஜாடையில் அதை நடித்துக் காட்டினேன்.
பாசந்தி பத்து விரலையும் விரித்தாள்,
மடக்கினாள்,
ஒரு விரலை நீட்டினாள்.
குழாயில் தண்ணீர் பதினோராம் நாள்தான்.

முட்டை கொசுவாக எட்டு நாள்:
மூன்றாம் செமஸ்டர், இரண்டாம் அலகு.
எட்டு, பதினொன்றைவிடச் சின்னது.
அரியர் வைத்தவளுக்கே தெரிகிற கணக்கு.
அதை எந்த அலகிலும் போடவில்லை.

சுலோச்சனா மேடம் பதிவேட்டைப் புரட்டி
ராத்திரி மணிகளை எல்லாம் அடித்தார்.
பூட்டுகளோடு இருந்த மணிகளுக்கு முத்திரை விழுந்தது.
"நாலு மணி நேரம் குறையுதுமா."

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை
ஒன்பது மணிக்குப் போய்ச் சேவலுக்கு எதிரே உட்கார்ந்தேன்.
பத்து இருபதுக்குக் குழாய் இருமியது.
பத்தாம் நாளே.
யாருக்கும் சொல்லாமல்.
தண்ணீர் நாளுக்கு முறைபோட்டு லீவு எடுப்பவர்கள்
நாளைக்குத்தான் எடுத்திருந்தார்கள்.

கவிழ்த்தேன். தேங்காய் நாரால் தேய்த்தேன்.
காயவைக்க நேரமில்லை.
மூன்றாவது டிரம்மில் சத்தம் கேட்டு
முப்பத்தோராம் வீடு திறந்தது.
உள்தாழ்ப்பாளையும் பூட்டென்றே எண்ணியிருந்திருக்கிறேன்.
நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த சென்னியப்பன்
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
"ஏனுங் அம்மணி, இதுக்கும் மார்க் போடுவாங்களா?" என்றபடி
ஓசை இந்தப் பக்கம் இழுத்தார்.
பன்னிரண்டே காலுக்குக் குழாய் நின்றது.
பத்தொன்பது டிரம் நிரம்பியிருந்தது.
இருபதாவது அரை.
மீதி வாசல்களுக்கு
நான் என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றுமில்லை.

பதிவேட்டில்
'மேற்கொண்ட பணி' என்ற கட்டத்தில்
'தண்ணீர் பிடித்தது' என்று எழுதினேன்.
மேடம் பேனாவைத் திறந்தபடி
கொஞ்ச நேரம் அந்த இரண்டு சொல்லைப் பார்த்தார்.
பிறகு,
"தேதி போடல பாரு" என்றார்.